சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது முதுமையால் மட்டும்தானா?

தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. கடல் தொழிலை விட்டுச் சில ஆண்டுகளாக வீட்டிலிருக்கும் உங்கள் அப்பாவுக்கு வயது 74. நான்கைந்து மாதங்களாகச் சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது. தண்ணீரிலும் ரசம் சோற்றிலும்தான் அதிகம். போன வாரம் ஒருநாள் இரவு இருமி இருமி முகம் சிவந்து மூச்சுத் திணறியதைக் கண்டு வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டீர்கள். காட்டிய இடத்தில், வயதானால் இப்படித்தான், மெதுவாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இதை முதுமையோடு வருவது என்று ஏற்றுக்கொண்டு விட்டுவிடலாமா, அல்லது இதற்குப் பின்னால் ஏதேனும் நோய் இருக்கிறதா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. விட்டுவிடக் கூடாது என்பதே என் பதில். பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சை என் தொழில்; தொண்டி முதல் வாலிநோக்கம் வரையுள்ள கடற்கரை ஊர்களின் முதியவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்ன நோய் என்று சொல்வது முறையும் அல்ல. எந்தக் காரணம் எந்த அடையாளத்தோடு வரும், அதை வீட்டிலிருப்பவர்கள் எப்படிக் கவனிக்கலாம் என்பதைச் சொல்ல முடியும்.

விழுங்குதல் எவ்வளவு நுட்பமான செயல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் எல்லாம் அதிலிருந்தே விளங்கும். நம் தொண்டையில் காற்றின் பாதையும் உணவின் பாதையும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்காகத் தூக்கப்பட்டிருக்கும் வேளையில் ரயில் நின்றாக வேண்டும் என்பதைப்போல, கவளம் தொண்டையைக் கடக்கும் ஏறத்தாழ ஒரு விநாடி நேரம் மூச்சு நின்றாக வேண்டும். அந்த ஒரு விநாடிக்குள் குரல்வளை மேல்நோக்கியும் முன்நோக்கியும் எழும்புகிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூச்சுக்குழாயை அடைக்கின்றன. குரல்வளை மூடி அதன்மேல் கவிழ்கிறது. உணவுக்குழாயின் மேல்வாய் திறந்து கவளத்தை வாங்கிக்கொள்கிறது. 30-க்கும் மேற்பட்ட தசைகளும், மூளையிலிருந்து நேரடியாக வரும் 5 இணை நரம்புகளும் ஒரே ஒழுங்கில் இயங்கினால்தான் இது நடக்கும். ஒழுங்கு சற்றே பிசகி, உணவோ நீரோ மூச்சுக்குழாயின் வாயைத் தொட்டுவிட்டால், உடல் இருமி அதை வெளியே தள்ளுகிறது. ஆகவே உங்கள் அப்பா இருமுவது, அவருடைய காவல் இன்னும் விழித்திருக்கிறது என்பதன் அடையாளம். நாம் தேட வேண்டியது, அந்தக் காவல் இத்தனை முறை வேலை செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதைத்தான்.

முதுமையின் பங்கைப் பற்றி உறுதியாகவே சொல்ல முடியும். வயது ஏற ஏற நாக்கின் வலு குறைகிறது. விழுங்கும் அனிச்சைச் செயல் தொடங்குவது சற்றுத் தாமதமாகிறது. தொண்டையின் உணர்வு மங்குகிறது. உடம்பின் மற்றத் தசைகள் மெலிவதுபோல் விழுங்கும் தசைகளும் மெலிகின்றன. இருமலின் வேகமும் குறைகிறது. ஆயினும் உடல்நலத்தோடு இருக்கும் முதியவர் இந்த மாற்றங்களை ஈடுகட்டிக்கொண்டு பாதுகாப்பாகவே விழுங்குகிறார். எப்போதாவது, பேசிக்கொண்டே சாப்பிடும்போது புரையேறுவது எந்த வயதிலும் நேர்வது. முன்பு இல்லாத ஒன்று புதிதாக வந்து, வாரத்தில் பல நாட்கள் தொடர்கிறது என்றால், முதுமை அதற்கு இடம் கொடுத்திருக்கலாமே தவிர, முதுமை மட்டுமே காரணமாக இருப்பது அரிது. கையிருப்புக் குறைந்துள்ள அந்த நிலையில் ஒரு கடுமையான காய்ச்சலோ, சில நாள் மருத்துவமனைப் படுக்கையோ, வேகமான எடைக் குறைவோ, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரையோகூட ஒருவரைச் சமநிலையிலிருந்து சரித்துவிடும். எனவே, இது தொடங்கிய மாதத்துக்குச் சற்று முன்பு அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை வீட்டில் எல்லாரும் சேர்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள்.

அடுத்து, என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: சிரமம் நீரிலா, திட உணவிலா? தண்ணீர் வேகமாக ஓடும். விழுங்கும் அனிச்சை சற்றே தாமதித்தாலும், மூச்சுக்குழாய் மூடுவதற்கு முன்பே தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே நீர்ப்பொருளில் அதிகம் புரையேறுவது, பெரும்பாலும் தொண்டைத் தசைகளின் அல்லது அவற்றை இயக்கும் நரம்புகளின் ஒழுங்கு கெட்டிருப்பதைச் சுட்டும். இதற்கு மாறாக, தண்ணீர் எளிதாக இறங்கி, இட்லியோ இறைச்சியோ மட்டும் நெஞ்சில் நின்றுகொள்கிறது என்றால், உணவுக்குழாயில் குறுகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே நீரும் திடமும் ஒன்றுபோல் நெஞ்சில் நிற்குமானால், குறுகலைக் காட்டிலும் உணவுக்குழாயின் அசைவில் கோளாறு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். விழுங்கிய அந்தக் கணத்திலேயே இருமல் வருவது தொண்டையின் சிக்கல். சில விநாடிகள் கழித்து அடைப்பதுபோல் தோன்றுவது உணவுக்குழாயின் சிக்கல். இங்கே ஓர் எச்சரிக்கை: நோயாளி விரலால் நெஞ்சைக் காட்டினால் அந்த இடத்தைப் பெரும்பாலும் நம்பலாம், கழுத்தைக் காட்டினால் நம்ப முடியாது. உணவுக்குழாயின் கீழ்முனையில் உள்ள அடைப்புகூடத் தொண்டையில் நிற்பதுபோல் உணரப்படுவதுண்டு. நீங்கள் எழுதியிருப்பதில் தண்ணீரும் ரசம் சோறும் முன்னால் நிற்பதால், நான் தொண்டையையும் நரம்பையும் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் இது எங்கே தேடத் தொடங்குவது என்பதைத்தான் சொல்கிறது. எதைக் கண்டுபிடிப்போம் என்பதைச் சொல்லவில்லை.

நரம்பு சார்ந்த காரணங்களில் முதலில் வருவது பக்கவாதம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொடக்க நாட்களில் விழுங்குவதில் சிரமம் இருக்கிறது. அவர்களில் பலருக்குச் சில வாரங்களில் அது சரியாகியும் விடுகிறது. கை கால் விழுந்தால்தான் பக்கவாதம் என்று நாம் எண்ணுகிறோம். இரத்த அழுத்தமும் நீரிழிவும் நீண்ட நாளாக உள்ளவர்களுக்கு, கை கால்களை விட்டுவிட்டுப் பேச்சையும் விழுங்குதலையும் மட்டும் தொடும் சிறிய பக்கவாதங்களும் வருவதுண்டு. குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்துதான் இப்படி என்று உங்களால் சொல்ல முடிந்தால், மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது என்றால் பார்க்கின்சன் நோயை நினைக்க வேண்டும். நடுக்கம் இல்லாமலும் அந்த நோய் தொடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவருடைய குரல் முன்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா, நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கிறதா, காலையில் தலையணை எச்சிலால் நனைந்திருக்கிறதா, முகத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதா என்று பாருங்கள். கடல் தொழில் செய்தவர்களிடம் நான் தவறாமல் கேட்பது வலையைப் பற்றி: கிழிந்த கண்ணியைப் பார்க்காமலே முடிச்சிட்ட விரல்கள் இப்போது தடுமாறுகின்றனவா? மருத்துவப் பரிசோதனையில் சொல்லத் தெரியாததை அந்தக் கேள்விக்கு வரும் பதில் பலமுறை சொல்லிவிடும்.

மறதி நோயில் சிரமம் வேறுவிதமாக இருக்கும். கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்து உட்கார்ந்திருப்பார்கள், அல்லது முதல் கவளம் இறங்குமுன் அடுத்ததைத் திணித்துக்கொள்வார்கள். அரிதாக வந்தாலும் தவறவிடக் கூடாத இரண்டு நோய்கள் உண்டு. மயஸ்தீனியா எனப்படும் தசைச் சோர்வு நோயில் சாப்பாட்டின் தொடக்கம் நன்றாக இருக்கும். போகப் போக மெல்லவும் விழுங்கவும் வலு குறையும். மாலையில் கண்ணிமை தொங்கும். குடித்த நீர் மூக்கு வழியே வருவதும் உண்டு. இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. இயக்க நரம்பணு நோயில் பேச்சு குழறுவதோடு நாக்கு மெலிந்து, அதன் பரப்பில் சிறு துடிப்புகள் தெரியும்.

உணவுக்குழாயின் பக்கம் வந்தால், நீண்ட நாள் அமில எதுக்களிப்பால் ஏற்படும் புண்ணும் தழும்புக் குறுகலும் பொதுவானவை. 60 வயதைத் தாண்டியவர்களில் சிலருக்குத் தொண்டையின் பின்சுவரில் ஒரு சிறு பை உருவாகி, சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துச் செரிக்காத உணவு வாய்க்குத் திரும்பும். வாய் நாற்றமும் இருக்கும். மற்றொன்றை நான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் இறைச்சி, பிறகு சோறு, பிறகு கஞ்சி என்று வாரக்கணக்கில் படிப்படியாக அடைப்பு கூடிக்கொண்டே போய், எடையும் குறைந்தால், அது புற்றுநோய் அல்ல என்று எண்டோஸ்கோபி செய்து உறுதிப்படுத்தும்வரை ஓயக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுவதும் பீடியும் மதுவும் நம் பகுதி ஆண்களிடம் குறைவல்ல. முதிய பெண்களிடமும் புகையிலைப் பழக்கம் உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருப்பது, விழுங்கும்போது ஒரு பக்கக் காதுக்குப் பாயும் வலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். கழுத்து எலும்பில் வளரும் முள், தைராய்டு வீக்கம், இரும்புச்சத்துக் குறைவால் உணவுக்குழாயின் மேல்பகுதியில் தோன்றும் மெல்லிய சவ்வு போன்றவையும் காரணமாகலாம். ஆனால் இவை அடிக்கடி காணப்படுபவை அல்ல.

வாயைப் பற்றியும் மாத்திரைகளைப் பற்றியும் வீட்டார் சொல்வதில்லை. மருத்துவர்களும் எப்போதும் கேட்பதில்லை. என் அனுபவத்தில், திருத்திக்கொள்ளக்கூடிய காரணங்கள் அதிகம் கிடைப்பது இங்கேதான். கடைவாய்ப் பற்கள் போய்விட்டால் உணவு அரைபடாமலே தொண்டைக்குப் போகும். பொருந்தாத பல்செட் மெல்லும்போது நகரும். அண்ணத்தை அது மூடிக்கொள்வதால் கவளத்தின் அளவும் முள்ளின் குத்தலும் தெரியாமல் போகும். வாய் வறண்டிருந்தால் உணவு கவளமாகச் சேராமல் பொடிப்பொடியாகச் சிதறும். வறட்சிக்கு வயதைக் காட்டிலும் மருந்துகளே பெரும்பாலும் காரணம்: சளி, அரிப்புக்கு வாங்கும் குளோர்பெனிரமின் போன்றவை, நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின், நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் ஆகியவை வாயை உலர்த்துபவை. அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் விழிப்பையும் இருமலையும் மந்தமாக்கும். மனநலச் சிகிச்சையில் தரப்படும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவை விழுங்கும் தசைகளின் இயக்கத்தையே குறைக்கக்கூடும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையெனில் அது உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இரத்த அழுத்தத்துக்கான எனலாபிரில், ராமிபிரில் வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும்; அது சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் நாள் முழுவதும் வரும் என்பதால் புரையேறுவதிலிருந்து பிரித்து அறியலாம். ஆனால் இதே மருந்துகளால், ஆண்டுக்கணக்கில் போட்டுவந்த பிறகும், திடீரென உதடும் நாக்கும் வீங்கினால் அது உயிருக்கு ஆபத்து. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை அட்டைகள் அனைத்தையும், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவர் முன் வையுங்கள்.

மூச்சு வாங்கும் நோயும் ஒரு காரணம். பீடி புகைத்தவர்களுக்கும், கருப்பட்டி காய்ச்சும் அடுப்பின் முன்னும் விறகடுப்பின் முன்னும் ஆயுளைக் கழித்த பெண்களுக்கும் நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. வேகவேகமாக மூச்சு விடுபவரால் விழுங்குவதற்காக மூச்சை நிறுத்த முடிவதில்லை. கவளம் இறங்கி முடிவதற்குள் காற்றை உள்ளே இழுத்துவிடுகிறார்.

உணவுக்கு வருகிறேன். ரசம் சோறு ஏன் இத்தனை சிரமம் தருகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. சோற்றை மெல்ல வேண்டும், ரசத்தை உடனே விழுங்க வேண்டும். ஒரே வாயில் இரண்டும் இருக்கும்போது, மெல்லும் நேரத்திலேயே ரசம் நழுவித் தொண்டைக்குள் போய்விடுகிறது. பழைய சோறும் நீராகாரமும், பருக்கை மிதக்கும் கஞ்சியும், குழம்பு நிறைய ஊற்றிப் பிசைந்த சோறும் இதே வகைதான். பலவீனமானவருக்கு எளிதான உணவு என்று அன்போடு நாம் கொடுப்பது, விழுங்குதல் கெட்டவருக்கு மிகக் கடினமான உணவாகிவிடுகிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. இதைவிட, கட்டியில்லாமல் கிண்டிய கேப்பைக் கூழ், நன்றாகக் குழைந்து பருக்கை கரைந்த நோன்புக் கஞ்சி, குழையப் பிசைந்த பருப்புச் சோறு, நன்கு ஊறிய இடியாப்பம் ஆகியவை பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானவை. காரணம், அவை வாய்க்குள் ஒரே பதமாக இருக்கின்றன. புட்டும் சுறாப்புட்டும் உதிரும். சுறாவில் சதைக்குள் ஓடும் மெல்லிய முள் இல்லை என்பது நல்லதே. ஆனால் உலர்ந்த பொடி தொண்டையில் தங்கிவிடும் என்பதால் சற்றுக் குழம்பு விட்டு ஈரமாக்கித்தான் தர வேண்டும். கணவாய் ரப்பர்போல் இழுபடும். பனங்கிழங்கு நார் நாராகப் பிரியும். கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பல் குறைந்தவர்களுக்கு இம்மூன்றையும் நான் அனுமதிப்பதில்லை. முண்டு மிளகாய்க் காரத்தைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். காரம் தொண்டையை எரித்து இருமலைத் தூண்டும் என்பது உண்மைதான். ஆனால் உணவை வழி தவறச் செய்வது காரம் அல்ல. மிளகாயின் காரப்பொருளைச் சிறிதளவு கொடுத்தால் முதியவர்களின் விழுங்கும் அனிச்சை விரைவாகிறது என்றுகூடச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை ஒரு சிகிச்சையாக ஏற்கும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை.

நம் கரையில் மீன் முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சூடை, சாளை போன்ற சிறு மீன்களில் மெல்லிய முட்கள் அதிகம். அவற்றை முதியவருக்குத் தருபவர் சதையை விரலால் நசுக்கிப் பார்த்தே தர வேண்டும். முள் சிக்கிவிட்டால் வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வதும் வாழைப்பழம் கொடுப்பதும் நம் வழக்கம். சிலருக்கு அதனால் முள் இறங்கியிருக்கலாம். சிலருக்கு அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கிறது. விழுங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால், வழக்கமான எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். பல மீன் முட்கள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை; சி.டி. ஸ்கேனில் தெரியும். முள் சிக்கியபின் காய்ச்சல், நெஞ்சு வலி, கழுத்து வீக்கம் வந்தால் அது அவசர நிலை.

இருமல் வருவது காவல் விழித்திருப்பதன் அடையாளம் என்று முன்னர் சொன்னேன். அதன் மறுபக்கத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சிலருக்கு, குறிப்பாகப் பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் உள்ளவர்களுக்கு, தொண்டையின் உணர்வு மங்கிவிடுவதால் உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. எனவே, கொஞ்ச நாள் கழித்து உங்கள் அப்பாவுக்குப் புரையேறுவது தானாக நின்றுவிட்டால், குணமாகிவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். சாப்பிட்ட பிறகு குரல் நீர் கோத்ததுபோல் கரகரப்பது, காரணமில்லாமல் வந்து வந்து போகும் காய்ச்சல், மாலையில் கூடும் சளி, ஓராண்டில் இரண்டாம் முறை நிமோனியா, தொடர்ந்து இளைத்துப் போவது ஆகியவை அந்த ஓசையில்லாத கசிவைக் காட்டும். அந்த நீரோடு நுரையீரலுக்குள் போவது வாயிலுள்ள கிருமிகளும்தான். ஆகையால் காலையிலும் இரவு சாப்பாட்டுக்குப் பின்னும் பல்லையும் நாக்கையும் பல்செட்டையும் சுத்தம் செய்வது நிமோனியாவைத் தடுக்கும் வேலையும் ஆகும்.

சிகிச்சையில் எல்லாமே உறுதியானவை என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரில் மாவுப்பொடி கலந்து கெட்டியாக்கித் தருவது பரவலான வழக்கம். அப்படிச் செய்யும்போது மூச்சுக்குழாய்க்குள் போவது குறைவதைப் படப்பரிசோதனையில் காண முடிகிறது. ஆனால் அதனால் நிமோனியா குறைகிறது என்பதற்கான சான்று வலுவானதல்ல. சுவை பிடிக்காமல் முதியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் நடக்கிறது. நம் ஊர் வெயிலில் அது சிறிய ஆபத்தல்ல. முகவாயைத் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது, சிலருக்குத் தீங்காகவும் முடியும். பரிசோதித்துப் பார்க்காமல் அதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாக்குக்கும் தொண்டைக்குமான பயிற்சிகளும் அப்படித்தான். காரணம் தெரிந்த பிறகே எது பொருந்தும் என்று சொல்ல முடியும். மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பதால் ஆயுள் கூடுவதாகவோ நிமோனியா தடைபடுவதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் பரிந்துரைத்தது. உங்கள் அப்பாவின் நிலை அதுவல்ல. அத்தகைய முதியவரை வீட்டில் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. கட்டிலில் சாய்ந்தபடியோ, தரையில் குனிந்தபடியோ அல்லாமல், நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்காரட்டும். சாப்பிடும்போது தொலைக்காட்சி வேண்டாம், பேச்சும் வேண்டாம். சிறிய கவளம், அது முழுவதும் இறங்கியபின் அடுத்தது. சோற்றையும் நீர்ப்பொருளையும் ஒரே வாயில் கலக்க வேண்டாம். தண்ணீரைச் செம்பை உயர்த்தித் தலையை அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது நம் வழக்கம். இந்த நிலையில் அது மிகவும் தவறானது. தம்ளரில் வாய் வைத்துச் சிறு மிடறாகக் குடிக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது எதையும் கொடுக்காதீர்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

புரையேறும்போது தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வதால் தீங்கில்லை, பயனும் இல்லை. சத்தமாக இருமுகிறார் என்றால் இரும விடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் கொடுக்காதீர்கள். சத்தமே வராமல், பேச முடியாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு, உதடு நீலம் பாய்ந்தால் மூச்சுக்குழாய் முழுவதும் அடைபட்டிருக்கிறது என்று பொருள். ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் அவரை முன்பக்கம் குனியவைத்து இரு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்ட வேண்டும். விலகாவிட்டால் பின்னால் நின்று, கையை முட்டியாக மடக்கித் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து, மற்றக் கையால் பற்றி, உள்ளும் மேலுமாக 5 முறை வேகமாக இழுத்து அழுத்த வேண்டும். இவ்விரண்டையும் மாறி மாறித் தொடருங்கள். கண்ணுக்குத் தெரியாத உணவை விரலால் துழாவி எடுக்க முயலக் கூடாது. அது இன்னும் உள்ளே போகும். மயங்கிச் சரிந்தால் தரையில் கிடத்தி நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். வயிற்றை அழுத்தி எடுத்தபின் அவர் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், உள்ளே காயம் இல்லை என்று மருத்துவமனையில் காட்டி உறுதிசெய்து கொள்ளுங்கள்.

திடீரென விழுங்க முடியாமல் போவதோடு வாய் கோணுவதோ, பேச்சு குழறுவதோ, ஒரு கை தளர்வதோ சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம்; விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூளையின் இரத்தக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். உங்கள் ஊரிலிருந்து இராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். அப்படியில்லாமல் இப்போதிருக்கும் நிலையே தொடர்ந்தால், இந்த வாரத்துக்குள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் காட்டுங்கள். மூக்கு வழியே மெல்லிய கருவியை விட்டுத் தொண்டையைப் பார்ப்பது, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்னும் பொருள் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் படம்பிடிப்பது ஆகிய இரண்டும்தான் எந்தக் கட்டத்தில் ஒழுங்கு பிசகுகிறது என்று கண்ணால் காட்டுபவை. இதற்காக மதுரை வரை போக வேண்டி வரலாம். நரம்பு நோய் இருக்கும் என்று தோன்றினால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

போகும்போது இரண்டு காணொளிகளைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போங்கள். முதலாவது, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாகச் சாப்பிடும் உணவை, பக்கவாட்டிலிருந்து முகமும் கழுத்தும் தெரியும்படி, தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்தது. இரண்டாவது, சாப்பிட்டு முடித்தவுடன் அவரைப் பேசச் சொல்லி எடுத்தது. மருத்துவர் முன் ஒரு மிடறு தண்ணீரை எல்லாரும் கவனமாகக் குடித்துவிடுவார்கள். சிக்கல் வெளிப்படுவது வீட்டில், பாதிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதோடு ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த எடையையும் இப்போதைய எடையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய எடை தெரியாவிட்டால், கைலியையும் சட்டையையும் பார்த்து அவை எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்று சொன்னாலும் போதும்.